கொரிய எழுத்து சில கணினிகளில் ஏன் உடைந்து தெரிகிறது?

மேக் கணினியில் கொரிய மொழியில் பெயர் வைத்த ஒரு கோப்பு, விண்டோஸ் கணினி வைத்திருப்பவருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பின் பெயர் ‘சாஜின்’, அதாவது புகைப்படம். கொரிய எழுத்தில் அது இரண்டே கட்டங்களில் அடங்கிவிடும் சொல். போய்ச் சேர்ந்த இடத்திலோ ச், ஆ, ஜ், இ, ன் என்று ஐந்து துண்டுகளாகப் பிரிந்து வரிசையாக நிற்கிறது. கோப்பைத் திறந்தால் படம் சரியாகவே தெரிகிறது. பெயர் மட்டும் கழன்று கிடக்கிறது. கொரியாவில் இந்தக் கோளாறுக்குத் தனிப் பெயரே உண்டு: ‘ஜாசோ புல்லி’, எழுத்துறுப்புகள் பிரிந்துபோதல்.

பார்ப்பவர்கள் முதலில் வைரஸ் என்பார்கள், அப்புறம் எழுத்துரு இல்லை என்பார்கள். இரண்டும் காரணமில்லை. கொரிய எழுத்தைக் கணினியில் எப்படிச் சேமிப்பது என்ற கேள்விக்கு 1980களில் இரண்டு விடைகள் முன்வைக்கப்பட்டன. கட்டத்தை முழுதாக வைப்பது ஒன்று. உறுப்புகளாக வைப்பது இன்னொன்று. நாற்பது ஆண்டுகள் ஆன பிறகும் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. சிதறி வரும் அந்தக் கோப்புப் பெயர், இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம். அதைப் புரிந்துகொள்ள எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு கட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

கொரிய எழுத்துமுறைக்கு ஹங்குல் என்று பெயர். மன்னர் சேஜோங் காலத்தில் 1443-இல் உருவாகி, 1446-இல் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. அன்று 28 எழுத்துகள். இன்று அடிப்படை எழுத்துகள் 24: மெய் 14, உயிர் 10. ஒவ்வொரு தனி எழுத்தையும் ‘ஜாமோ’ என்கிறார்கள்.

ஜாமோக்களை ஆங்கிலம்போல ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக்கொண்டு போவதில்லை. ஓர் அசைக்கு உரிய எழுத்துகளை ஒரு சதுரக் கட்டத்துக்குள் அடுக்குகிறார்கள். ‘ஹன்’ என்ற அசையை அருகில் வைத்துப் பார்க்கலாம். இடப்பக்கம் மேலே, தொப்பி போட்ட சிறு வட்டம்போல ‘ஹ்’. அதன் வலப்பக்கம், செங்குத்துக் கோட்டில் நடுவிலிருந்து வலப்புறம் நீளும் சிறு கிளையோடு ‘ஆ’. இரண்டுக்கும் அடியில், மண்வெட்டியைப் படுக்கவைத்ததுபோல வளைந்த கோடாக ‘ன்’. மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்துபோலக் கண்ணுக்குத் தெரியும். கொரியர்கள் எழுத்துகளை எண்ணச் சொன்னாலும் இந்தக் கட்டங்களைத்தான் எண்ணுவார்கள்.

இன்றைய கொரிய மொழியில் ஒரு கட்டத்துக்கு மூன்று இடங்கள்:

1. தொடக்க மெய். அடிப்படை மெய் 14-உம், இரட்டித்து அழுத்திச் சொல்லும் மெய் 5-உம் சேர்த்து 19. அசை உயிரொலியில் தொடங்கினாலும் இந்த இடம் காலியாக இருக்காது. வெறும் வட்டமான ஓர் எழுத்தை அங்கே வைப்பார்கள். அதற்கு அங்கே ஒலி கிடையாது. அதே வட்டம் கட்டத்தின் அடியில் வந்தால் ‘ங்’ என்று ஒலிக்கும்.

2. நடு உயிர். தனி உயிர் 10, கூட்டு உயிர் 11, மொத்தம் 21. இதில் ஒன்று தமிழ் நாக்குக்குப் பழகிய ஒலி. ‘பாட்டு’, ‘காசு’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருமே குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதுதான். ஹங்குல் என்ற பெயரின் இரண்டாவது அசையில் இருக்கும் உயிர் அதுவே.

3. இறுதி மெய். தனி மெய்யும் கூட்டு மெய்யுமாக 27. இந்த இடம் காலியாகவும் இருக்கலாம் என்பதால் வாய்ப்புகள் 28.

பெருக்கிப் பார்த்தால் 19 × 21 × 28 = 11,172. இறுதி மெய் இல்லாத கட்டங்கள் 399. மீதி எல்லாம் இறுதி மெய்யோடு வருபவை. அன்றாட எழுத்தில் இவற்றில் சிறு பகுதிதான் புழங்குகிறது. ஆனால் மீதியை வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. வெளிநாட்டுச் சொல், வட்டார வழக்கு, ஒலிக்குறிப்பு, ஒரு குழந்தைக்கு வைக்கும் புதிய பெயர் என்று எதற்காகவும் இந்த 11,172-இல் எந்தக் கட்டமும் தேவைப்படலாம். எழுத்துமுறை அதை அனுமதிக்கிறது. கணினி அனுமதித்ததா என்பதுதான் பின்னால் பெரிய தகராறானது.

2,350 கட்டங்களோடு நின்ற பட்டியல்

கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட பட்டியலே குறியேற்றம். எழுத்துக்குக் கொடுத்த எண்ணைக் குறியெண் என்போம். அந்த எண்ணைக் கோப்பில் பைட்டுகளாக எப்படி எழுதுவது என்பது அடுத்த படி.

தென்கொரியா 1987-இல் கேஎஸ் சி 5601 என்ற தேசியத் தரத்தை வெளியிட்டது. பிற்பாடு அதன் பெயர் கேஎஸ் எக்ஸ் 1001 என்று மாறியது. 94 வரிசை, வரிசைக்கு 94 இடம், மொத்தம் 8,836 இடங்கள் கொண்ட பலகை அது. ஜப்பானும் சீனாவும் இதே அளவுப் பலகையைத்தான் பயன்படுத்தின. பன்னாட்டு விதிகளுக்கு ஒத்துப்போகும் என்பதால் கொரியாவும் அதையே எடுத்துக்கொண்டது. சீன எழுத்துகளுக்கு 4,888 இடம் ஒதுக்கினார்கள். ஹங்குலுக்கு 25 வரிசை கிடைத்தது. 25-ஐ 94-ஆல் பெருக்கினால் 2,350. அதிகம் புழங்குபவை என்று தேர்ந்தெடுத்த 2,350 கட்டங்களுக்கு இடம் கிடைத்தது. மீதி 8,822 கட்டங்கள் வெளியே நின்றன.

இந்த வழிக்கு ‘வான்சாங்’ என்று பெயர்: முழுமையாக்கப்பட்ட வடிவம். ஒவ்வொரு கட்டமும் அச்சுக்கூடத்து ஈய எழுத்துபோல, முன்பே வார்த்து வைத்த முழு உருவம். பெட்டியில் இல்லாத அச்சை எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

இதற்கு எதிராக நின்றது ‘ஜோஹாப்’, சேர்த்து ஆக்கும் வடிவம். அதன் கணக்கு அழகானது. இரண்டு பைட் என்றால் 16 பிட். முதல் பிட், இது ஹங்குல் என்று சொல்லும் அடையாளம். மீதி 15 பிட்டை ஐந்து ஐந்தாகப் பிரித்தால் தொடக்க மெய்க்கு ஒன்று, உயிருக்கு ஒன்று, இறுதி மெய்க்கு ஒன்று. ஐந்து பிட்டில் 32 மதிப்புகள் அடங்கும்; 19, 21, 28 மூன்றுமே அதற்குள் வந்துவிடும். அதே இரண்டு பைட்டில் 11,172 கட்டங்களும் கிடைத்தன. எழுத்துமுறையின் தர்க்கம் அப்படியே எண்ணிலும் இருந்தது. நிரலாளர்கள் பலர் இதை விரும்பியதில் வியப்பில்லை.

குறையும் இருந்தது. ஜோஹாப்பின் இரண்டாவது பைட், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்கும் எண்களுக்குள் வந்து விழும். கொரிய மொழி தெரியாத ஒரு நிரல், ஒரு கட்டத்தின் பின்பாதியைச் சாய்கோட்டுக் குறி என்று எடுத்துக்கொண்டு தடம் மாறிவிடும். வான்சாங்கில் இரண்டு பைட்டுமே ஆங்கில எல்லைக்கு மேலே இருப்பதால் இந்த ஆபத்து கிடையாது. 1992-இல் ஜோஹாப்பையும் அதே தேசியத் தரத்தின் பிற்சேர்க்கையில் சேர்த்தார்கள். அதற்குள் அரசு அலுவலகமும் வலையமைப்பும் வான்சாங்குக்குப் பழகிவிட்டன.

‘த்தோம்’ என்ற அசைக்கு நேர்ந்த கதி

2,350-க்கு வெளியே நின்றதென்றால் என்ன பொருள் என்பதற்கு ஓர் அசை போதும். ‘த்தோம்’: அழுத்திச் சொல்லும் ‘த்’, அப்புறம் ‘ஓ’, அடியில் ‘ம்’. கொரியாவில் யாரும் தடையில்லாமல் வாசிக்கக்கூடிய, பள்ளிக் குழந்தை எழுதக்கூடிய கட்டம். வான்சாங் பட்டியலில் இது கிடையாது. இந்த அசையில் தொடங்கும் தலைப்போடு 1990-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. நாட்டின் தேசியத் தரத்தைக் கொண்டு அந்தத் தலைப்பை எழுத முடியவில்லை. விடுபட்ட அசைகள் நான்கை ஒன்றாகக் கோத்து ஒரு வாக்கியமே உருவாகிவிட்டது. ஜீப்பில் வந்த பெப்சிக்காரரைப் பற்றிய அந்த வாக்கியத்தைக் கொரிய நிரலாளர்கள் இன்றும் சோதனைக்குத் தட்டிப் பார்ப்பதுண்டு.

தரத்தில் இதற்கு ஒரு மாற்றுவழி எழுதித்தான் வைத்திருந்தார்கள். பட்டியலில் இல்லாத கட்டத்துக்கு ஒரு நிரப்புக் குறி, அதன்பின் மூன்று ஜாமோ, ஆக எட்டு பைட் என்று எழுதலாம். அதைச் செயல்படுத்திய மென்பொருள்கள் மிகக் குறைவு. தன் பெயரில் ஓர் அசை பட்டியலில் இல்லாதவர், விண்ணப்பப் படிவத்தில் அந்த இடத்தை வெற்றாகவோ வேறு எழுத்தாகவோ பார்க்க வேண்டியிருந்தது. ஒருவரின் பெயரைச் சரியாக எழுதவிடாத தரத்தை, எத்தனை பன்னாட்டு விதிக்கு அது ஒத்துப்போனாலும், முழுமையான தரம் என்று ஏற்க முடியாது.

விண்டோஸ் 95-இன் கொரியப் பதிப்பில் மைக்ரோசாஃப்ட் விடுபட்ட 8,822 கட்டங்களையும் சேர்த்தது. சேர்த்த விதம் ஒட்டுப்போட்டதுதான். பழைய 2,350-ஐ அசைக்காமல், இரண்டு பைட் அமைப்பில் மிச்சமிருந்த இடங்களில் புதியவற்றைச் செருகினார்கள். குறியெண் வரிசை அகரவரிசையாக இருந்த நிலை அதோடு போனது. எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் அடுத்தடுத்து வர வேண்டிய இரண்டு சொற்கள் எங்கோ தள்ளித் தள்ளி விழும். ஜோஹாப்பில் இருந்த அதே ஆபத்தும் பின்வாசல் வழியாக வந்துவிட்டது. ‘த்தோம்’ அசைக்குக் கிடைத்த பைட்டுகள் 140, 99. இந்த 99, ஆங்கிலச் சிறிய ‘சி’ எழுத்தின் எண். பழைய வான்சாங் மட்டும் தெரிந்த மென்பொருள் இதைப் படித்தால் ஒரு கேள்விக்குறிப் பெட்டியும் பக்கத்தில் ஒரு ‘சி’-யும் காட்டும்.

வலைப்பக்கங்களில் ‘ஈயூசி-கேஆர்’ என்று பார்க்கும் குறியேற்றப் பெயர் முதலில் அந்தப் பழைய 2,350 பட்டியலைக் குறித்தது. இன்றைய உலாவிகள் அந்தப் பெயரைக் கண்டாலும் விண்டோஸின் விரிந்த பட்டியலைக் கொண்டுதான் படிக்கின்றன. அதனால்தான் பழைய கொரியப் பக்கங்கள் பெரும்பாலும் பிழையின்றித் திறக்கின்றன.

வடகொரியா தனக்கென்று வேறு தரம் வைத்துக்கொண்டது. 1997-இல் வந்த அதன் பதிப்பில் 2,679 கட்டங்கள். கிம் இல் சுங், கிம் ஜாங் இல் ஆகியோரின் பெயர்களில் வரும் அசைகளுக்கு மட்டும் தனியாக ஆறு இடங்கள் கூடுதல். எழுத்துகளின் அகரவரிசையும் அங்கே வேறு.

யூனிகோடில் நடந்த இடமாற்றம்

உலகின் எல்லா எழுத்துக்கும் ஒரே பட்டியல் என்ற திட்டம் யூனிகோடு. தமிழில் ஒருங்குறி என்றும் சொல்கிறோம். 1991-இல் வந்த முதல் பதிப்பில் ஹங்குலுக்குக் கிடைத்தது அதே பழைய 2,350. 1993-இல் வந்த 1.1 பதிப்பில் மேலும் இரண்டு தொகுதிகளை, 1,930-உம் 2,376-உம், ஒட்டினார்கள். மொத்தம் 6,656. அப்போதும் முழுமையில்லை. மூன்று தொகுதிகள், மூன்று தனித்தனி வரிசை. ஒரே உயிரோடு வரும் அடுத்தடுத்த அசைகள் மூன்று வேறு இடங்களில் கிடந்தன.

1996 ஜூலையில் வந்த 2.0 பதிப்பில் இதை அடியோடு மாற்றினார்கள். பழைய 6,656 இடங்களையும் காலி செய்துவிட்டு, 44,032 முதல் 55,203 வரை புதிய இடத்தில் 11,172 கட்டங்களையும் அகரவரிசைப்படி வைத்தார்கள். பழைய இடம் பின்னர் சீன எழுத்துகளின் விரிவாக்கத்துக்குப் போய்விட்டது. 1995-இல் யூனிகோடு 1.1-இல் எழுதிய ஒரு கொரியக் கோப்பை இன்று திறந்தால் சம்பந்தமில்லாத சீன எழுத்துகள் வந்து நிற்கும்.

ஒரு முறை கொடுத்த எண்ணைப் பிடுங்கி வேறு எழுத்துக்குக் கொடுப்பது தரம் என்ற சொல்லுக்கே முரணானது. அந்த எண்களில் பெரிய அளவில் கொரியத் தரவு எதுவும் இல்லை, அதனால் பாதிப்பு குறைவு என்பதே அன்று சொன்ன நியாயம். வல்லுநர் வட்டாரத்தில் இதற்குக் ‘கொரியக் குளறுபடி’ என்று பெயர் விழுந்தது. இனி ஒருபோதும் இப்படிச் செய்வதில்லை என்று பொறுப்பான குழுக்கள் உறுதி கொடுத்தன. வைத்த எழுத்தை நகர்த்துவதும் இல்லை, நீக்குவதும் இல்லை என்ற யூனிகோடின் நிலைத்தன்மை விதி இன்றுவரை கறாராகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

தமிழ்க் கணிமைக்காரர்களுக்கு இந்த இடம் முக்கியமானது. ‘கொரிய மொழிக்கு 11,172 இடம் கொடுத்தார்கள், தமிழின் 247 எழுத்துக்கு இடமில்லையா?’ என்ற கேள்வி பல ஆண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கிறது. கேள்வியில் உள்ள ஆதங்கம் நியாயமானது. விடை வரலாற்றில் இருக்கிறது. கொரியா யூனிகோடுக்குள் நுழையும்போதே அதன் தேசியத் தரத்தில் முழுக் கட்டங்கள் இருந்தன. ஏற்கெனவே உள்ள தேசியத் தரங்களை இழப்பில்லாமல் உள்வாங்குவது யூனிகோடின் தொடக்க நோக்கங்களில் ஒன்று. தமிழுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது இஸ்கி என்ற இந்தியத் தரம். அதில் மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனி. கொரியா தன் இடத்தை மாற்றிக்கொண்டது, கதவு சாத்துவதற்கு முன்பு. அது மாற்றிக்கொண்ட விதமே கதவு சாத்தப்படுவதற்குக் காரணமும் ஆனது. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்-16 என்ற குறியேற்றத்தைத் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து ஏற்றது. உலகப் பொதுப் பட்டியலில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

கட்டத்திலிருந்து எண், எண்ணிலிருந்து கட்டம்

11,172 கட்டங்களை அகரவரிசையில் வைத்ததால் ஒரு பெரிய நன்மை கிடைத்தது. எந்தக் கட்டத்துக்கு எந்த எண் என்று அட்டவணை தேட வேண்டாம். கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். தொடக்க மெய்களுக்கு 0 முதல் 18 வரை, உயிர்களுக்கு 0 முதல் 20 வரை, இறுதி மெய்களுக்கு 0 முதல் 27 வரை வரிசை எண் உண்டு. இறுதி மெய்யில் 0 என்றால் எதுவும் இல்லை என்று பொருள்.

‘ஹன்’ கட்டத்தில் ‘ஹ்’ கடைசித் தொடக்க மெய், வரிசை எண் 18. ‘ஆ’ முதல் உயிர், 0. அடியில் உள்ள ‘ன்’ 4.

1. தொடக்க மெய்யின் எண்ணை 21-ஆல் பெருக்கி, உயிரின் எண்ணைக் கூட்ட வேண்டும். 18 × 21 + 0 = 378.
2. வந்ததை 28-ஆல் பெருக்கி, இறுதி மெய்யின் எண்ணைக் கூட்ட வேண்டும். 378 × 28 + 4 = 10,588.
3. தொடக்க எண்ணான 44,032-ஐக் கூட்ட வேண்டும். விடை 54,620.

‘ஹன்’ கட்டத்தின் குறியெண் அதுவே. நாழிகை, விநாடி என்று நேரத்தை மாற்றுகிற மாதிரியான கணக்குதான் இது. திருப்பிப் போகவும் முடியும். 54,620-இலிருந்து 44,032-ஐக் கழித்தால் 10,588. 28-ஆல் வகுத்தால் ஈவு 378, மீதி 4. 378-ஐ 21-ஆல் வகுத்தால் ஈவு 18, மீதி 0. மூன்று உறுப்பும் கைக்கு வந்துவிட்டன. முன்பு பட்டியலில் இடமே கிடைக்காத ‘த்தோம்’ இங்கே 46,624. அதற்குத் தனிச் சலுகையோ ஒட்டோ தேவைப்படவில்லை.

ஜோஹாப்பின் பிட் கணக்கு இங்கே பெருக்கல் கணக்காகத் திரும்பி வந்திருக்கிறது. பெயரளவில் யூனிகோடு முழுக் கட்டங்களை வைத்தது என்றாலும், அடியில் உள்ள தர்க்கம் ஜோஹாப்காரர்களுடையது. ஹங்குலுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கோப்பில் எழுதும்போது யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு கட்டமும் மூன்று பைட். ‘ஹன்’ என்பது 237, 149, 156. இதைப் பழைய இரண்டு பைட் குறியேற்றம் என்று எண்ணிப் படிக்கும் மென்பொருள், 237-ஐயும் 149-ஐயும் ஓர் எழுத்தாக்கி, மிச்சமுள்ள 156-ஐ அடுத்த கட்டத்தின் முதல் பைட்டோடு முடிச்சுப் போடும். வினோதமான சீன எழுத்துகளும் கேள்விக்குறிகளும் கலந்து வருவது இதனால். துண்டு துண்டாக உடைவது வேறு சிக்கல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

துண்டுகளுக்கும் இடம் கொடுத்த யூனிகோடு

முழுக் கட்டங்களுக்கு இடம் கொடுத்த யூனிகோடு, உறுப்புகளுக்கும் கொடுத்தது. 4,352-இலிருந்து தொடங்கும் 256 இடங்கள் ‘இணையும் ஜாமோ’-வுக்கானவை. இவற்றை வரிசையாக எழுதினால் மென்பொருளே ஒரு கட்டமாக அடுக்கிக் காட்ட வேண்டும். இங்கே தொடக்கத்தில் வரும் ‘ன்’ வேறு எண் (4,354), இறுதியில் வரும் ‘ன்’ வேறு எண் (4,523). எது எந்தக் கட்டத்துக்குரியது என்ற குழப்பம் வராமலிருக்க இந்தப் பிரிப்பு.

இது தட்டச்சிலும் தெரியும். பரவலான இரண்டு தொகுதி விசைப்பலகையில் தொடக்க ‘ன்’-க்கும் இறுதி ‘ன்’-க்கும் ஒரே விசை. ‘கானா’ என்று தட்டும்போது ‘ன்’ வந்ததும் அது முதல் கட்டத்தின் அடியில் ஒட்டி ‘கான்’ என்று தெரியும். அடுத்து ‘ஆ’ தட்டியவுடன் அந்த ‘ன்’ குதித்து அடுத்த கட்டத்துக்குப் போய் ‘கா-னா’ ஆகும். எழுத்து இப்படித் தாவுவதைக் கொரியர்கள் ‘தொக்கேபி புல்’ என்கிறார்கள். நம் ஊரில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று சொல்லும் அதே அலையும் தீ.

மூன்றாவதாக ஒரு தொகுதியும் உண்டு. பழைய தேசியத் தரத்தில் தனியாக இருந்த ஜாமோக்களுக்காக 12,592-இலிருந்து ஒரு பகுதி. இவை ஒன்றோடொன்று இணையாது, தனியாகவே நிற்கும். கொரிய இளைஞர்கள் அரட்டையில் சிரிப்பதற்கு வரிசையாகத் தட்டும் ‘க்க்க்’ இந்தத் தொகுதியைச் சேர்ந்தது.

ஆக ‘ஹன்’ என்ற ஒரே கட்டத்தை இரண்டு சரியான வழிகளில் எழுதலாம்:

1. 54,620 என்ற ஒரே குறியெண். யூடிஎஃப்-8-இல் 3 பைட்.
2. 4,370, 4,449, 4,523 என்ற மூன்று குறியெண்கள். யூடிஎஃப்-8-இல் 9 பைட்.

இரண்டும் சமம் என்று யூனிகோடு விதி சொல்கிறது. சமமான வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதற்குச் சீராக்கம் என்று பெயர். சேர்த்து முழுக் கட்டமாக்குவது என்எஃப்சி. பிரித்து உறுப்புகளாக்குவது என்எஃப்டி. கொரிய எழுத்துக்கு இந்த இரண்டு மாற்றமும் மேலே பார்த்த பெருக்கல், வகுத்தல் கணக்குதான்.

விதியளவில் சமம் என்பது வேறு, பைட்டுகளை ஒப்பிடும் நிரலுக்குச் சமமாகத் தெரிவது வேறு. பிளவு அங்கேதான்.

கோப்புப் பெயர் ஏன் சிதறுகிறது?

மேக் கணினிகள் நெடுங்காலம் பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பமைப்பு, எல்லாப் பெயர்களையும் பிரித்த வடிவத்தில் சேமித்தது. திரையில் காட்டும்போது மேக் அவற்றை ஒழுங்காக அடுக்கிவிடும் என்பதால் பயன்படுத்துபவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. விண்டோஸ், வந்த பெயரை வந்தபடியே வைத்துக்கொள்ளும். அங்கே தட்டும் பெயர்கள் சேர்த்த வடிவத்தில் இருக்கும். மேக்கிலிருந்து சுருக்கிய கோப்பாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ பிரித்த வடிவப் பெயர் வரும்போது, அடுக்கத் தெரியாத மென்பொருள் ஜாமோக்களைத் தனித்தனியே காட்டுகிறது. 2017 முதல் ஆப்பிள் ஏபிஎஃப்எஸ் என்ற புதிய அமைப்புக்கு மாறியது. அது கொடுத்த வடிவத்தை மாற்றாமல் வைக்கிறது. பழைய பெயர்கள் பழைய வடிவத்திலேயே தொடர்ந்து சுற்றுகின்றன.

சிதறித் தெரிவது கண்ணுக்குப் படும் பாதிப்பு. கண்ணுக்குப் படாதவை இன்னும் தொல்லையானவை:

1. தேடினால் கிடைக்காது. திரையில் ஒன்றுபோலவே தெரியும் இரண்டு பெயர்களில் ஒன்று சேர்த்த வடிவம், இன்னொன்று பிரித்த வடிவம். சீராக்காமல் தேடும் நிரல் ஒன்றை மட்டுமே காணும். ஒரே கோப்புறையில் ‘ஒரே பெயரில்’ இரண்டு கோப்புகள் இருப்பதும் இப்படித்தான்.

2. நீளக் கணக்கு மாறும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு வழக்கமான உச்சவரம்பு 255 பைட். சேர்த்த வடிவத்தில் 85 கட்டங்கள் அடங்கும். இறுதி மெய்யோடு வரும் கட்டங்களைப் பிரித்த வடிவத்தில் எழுதினால் 28-க்கு மேல் போகாது. மேக்கில் ஒழுங்காக இருந்த நீளமான பெயர் சேவையகத்தில் ஏற மறுப்பதற்கு இது ஒரு காரணம்.

3. நடுவில் வெட்டுப்படும். முதல் இருபது குறியெண்களை மட்டும் காட்டு என்று எழுதிய நிரல், பிரித்த வடிவத்தில் ஒரு கட்டத்தின் தலையை மட்டும் விட்டு அடியை வெட்டிவிடும். ‘ஹன்’ என்பது ‘ஹா’ ஆகிவிடும். வேறு அசை, வேறு பொருள்.

தீர்வு எளிது: வெளியிலிருந்து வரும் எந்த உரையையும் சேமிப்பதற்கு முன்பும் ஒப்பிடுவதற்கு முன்பும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் இதற்கு ஒரு வரி போதும். என்எஃப்கேசி என்ற இன்னொரு வகையைக் கவனிக்காமல் பயன்படுத்தினால் மட்டும் சிக்கல். அது அரட்டையில் தட்டிய தனி ஜாமோக்களைக்கூட இணையும் ஜாமோவாக மாற்றிவிடும்.

தமிழில் எழுதுபவர்களுக்கும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறியை (3,018) ஒரே எண்ணாகச் சேர்த்தும் எழுதலாம். ககரத்தோடு ஒற்றைக்கொம்பு (3,014), கால் (3,006) என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. ‘கொடி’ என்று தேடி ஒன்றுமே கிடைக்காமல் போனால், இதையும் ஒருமுறை சந்தேகிக்கலாம்.

11,172-க்குள் அடங்காதவை

பெருக்கல் கணக்கு இன்றைய கொரிய மொழிக்கானது. பழைய நூல்களில் வரும் ஹங்குல் அதைவிட விரிந்தது. இன்று வழக்கொழிந்த மெய்களும் உயிர்களும், மூன்று மெய் சேர்ந்த தொடக்கங்களும் அங்கே உண்டு. இவற்றுக்காக 2009-இல் வந்த யூனிகோடு 5.2 பதிப்பில் இணையும் ஜாமோக்களை விரித்தார்கள். இப்போது தொடக்க மெய் 124, உயிர் 94, இறுதி மெய் 137. ஏட்டளவில் கட்டங்களின் எண்ணிக்கை 16 இலட்சத்தைத் தாண்டும். இத்தனைக்கும் முழு வடிவம் வார்த்து வைக்க முடியாது. உறுப்புகளாக எழுதி, எழுத்துருவை அடுக்கச் சொல்வதைத் தவிர வேறு வழி கிடையாது. கட்டத்தை முழுதாக வைத்தால் போதும் என்ற வாதம் முடிவுக்கு வரும் இடம் இது.

பழைய உயிர்களில் ஒன்று ‘ஆரே-ஆ’, ஒரு சிறு புள்ளியாக எழுதுவது. ஜேஜு தீவின் பேச்சில் அந்த ஒலி இருப்பதால், அந்தத் தீவின் மொழியை எழுதுபவர்கள் அதை இன்றும் பயன்படுத்துகிறார்கள். கொரியர்கள் 1989 முதல் பயன்படுத்திவரும் புகழ்பெற்ற உள்நாட்டுச் சொற்செயலியின் பெயரிலும் இந்த உயிர் இருக்கிறது. ‘ஹன்’ என்ற அதே அசையை அங்கே ‘ஆ’-வுக்குப் பதில் அந்தப் புள்ளியோடு எழுதுவார்கள். அந்தக் கட்டத்துக்கு யூனிகோடில் தனி எண் கிடையாது. 4,370, 4,510, 4,523 என்று மூன்று எண்களாகத்தான் எழுத வேண்டும். என்எஃப்சி செய்தாலும் அது மூன்றாகவே நிற்கும்.